ஊர் கூடித் தூர் வாரினால்

சேதுச் சீமை: தொடர் – 9

போன வாரம் பாம்பன் மீனவர்களின் 'கடல் ஓசை 90.4' வானொலியைப் பற்றிப் பேசினோம். 2016இல் தொடங்கிய அந்தச் சமுதாய வானொலி, தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே செய்துகொள்ள நினைத்த மக்களின் முயற்சி. அதே குணத்தின் இன்னொரு முகத்தைப் பார்க்க இந்த வாரம் கொஞ்சம் கரையேறுவோம். கண்மாய்க் கரைக்கும் ஊருணிப் படிக்கும் போவோம்.

ராமநாதபுரம் என்றால் 'தண்ணியில்லாக் காடு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அரசு ஊழியர்களைத் தண்டிக்க நினைத்தால் இங்கே மாற்றிவிடுவார்கள் என்று சினிமாவும் மேடைப் பேச்சும் சொல்லிச் சொல்லி, இந்த மண்ணின் பிள்ளைகளே அதை நம்பத் தொடங்கிவிட்டார்கள். உண்மை வேறு. மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை 827 மி.மீ. அதில் ஏறத்தாழ அறுபது சதவீதம் ஐப்பசி தொடங்கி மார்கழிக்குள் கொட்டித் தீர்த்துவிடும். வானம் நம்மை வஞ்சிக்கவில்லை. கொடுப்பதை ஒரே மூச்சில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறது. மீதி ஒன்பது மாதத்துக்கு அதைப் பிடித்து வைப்பது மனிதர் பாடு.

பிடித்து வைப்பதும் எளிதல்ல. அணை கட்ட மலை கிடையாது. நிலம் முழுக்கத் தட்டை. தோண்டினால் பல ஊர்களில் வாயில் வைக்க முடியாத உப்புத் தண்ணீர்தான் வரும். வருசநாட்டு மலையில் பிறக்கும் வைகை, வழியெல்லாம் வயல்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியோடு ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு வந்து சேர்கிறது. அதுவும் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் ஆற்றங்கரை அருகே கடலைத் தொடும். இப்படிப்பட்ட நிலத்தில், மழையை மண்ணின் மேலேயே தேக்குவது ஒன்றுதான் வழி என்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். ஒரு கண்மாய் நிரம்பினால் கலுங்கு வழியே அடுத்த கண்மாய்க்கு, அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு என்று சங்கிலியாக வெட்டினார்கள். ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்று இன்றும் சொல்வார்கள். ஒரு நாரை மூச்சுப் பிடித்துப் பறந்தாலும் கடக்க முடியாத நீளம் என்று ஊரார் பெருமையோடு விளக்குவார்கள்.

கண்மாய் வயலுக்கு, ஊருணி வாய்க்கு. கண்மாயைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. ஊருணியைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. எனக்கு ஊருணிதான் பெரிய அதிசயம்.

பார்க்கச் சின்னதாக இருக்கும். நாலு பக்கமும் கரை, ஒரு பக்கம் தண்ணீர் வரும் வரத்துக்கால், இறங்கி மொள்ளப் படிக்கட்டு, கரையில் ஒரு சாமி, ஒரு மரம். அடியில் இறுகிய களிமண் படுகை. அதுதான் மேலே நிற்கும் மழைநீரைக் கீழே இறங்கவிடாமலும், கீழே இருக்கும் உப்பை மேலே ஏறவிடாமலும் காக்கிறது. ஆனால் ஊருணியை ஊருணியாக வைத்திருந்தது கல்லும் மண்ணும் மட்டும் அல்ல. எழுதி வைக்காத சில கட்டுப்பாடுகள்தான். செருப்பைக் கரையிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே காலை நனைக்கக் கூடாது. குளிக்கக் கூடாது, துவைக்கக் கூடாது, ஆடு மாட்டை இறக்கக் கூடாது. அதற்கெல்லாம் வேறு குட்டை உண்டு. குடத்தைத் துலக்குவதென்றால் வெளியே துலக்கிக்கொண்டு வர வேண்டும். கோடையில் தண்ணீர் குறைந்தால் வீட்டுக்கு இத்தனை குடம் என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகும். காவலுக்கு ஆள் போடுவார்கள்.

கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கும் பக்குவமும் வீட்டுக்கு வீடு தெரியும். தேத்தாங்கொட்டை ஒன்றை எடுத்து, மண்பானையின் உட்புறச் சுவரில் நாலைந்து சுற்றுத் தேய்ப்பார்கள். பிறகு ஊருணித் தண்ணீரை ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுத்தால், விடியும்போது கலங்கல் எல்லாம் பானையின் அடியில் படிந்திருக்கும். மேலே பளிங்குத் தண்ணீர். கொட்டையில் உள்ள பொருள் மண் துகள்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கனமாக்குகிறது, கனம் கூடிய துகள் கீழே இறங்குகிறது. இன்றைய சுத்திகரிப்பு நிலையங்களில் படிகாரம் செய்கிற அதே வேலை. கலங்கல் தெளியும், ஆனால் கிருமி சாகாது. அதனால் தெளிந்த தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதே நல்லது.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில், வாசலிலேயே குழாய் இருந்தும் ஊருணிக்குக் குடத்தோடு வந்த மூதாட்டி ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"குழாயிலதான் தண்ணி வருதே அப்பத்தா, பெறகு எதுக்கு இம்புட்டுத் தூரம்?"

"குளிக்கப் பொழங்க அது போதும்ப்பா. பருப்பு வேகணும்ல?"

அந்தப் பதிலில் அறிவியல் இருக்கிறது. சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் பருப்பு எத்தனை கொதி கொதித்தாலும் விறைத்தே நிற்கும். ஊருணியில் இருப்பது மழைநீர். அதில் பருப்பு குழைந்து வெந்துவிடும்.

இந்த நீர்நிலைகளை யார் பராமரித்தார்கள்? ஊர்தான். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். வைகாசி, ஆனியில் கண்மாய் வற்றிக் கிடக்கும்போது ஊர்க்கூட்டம் கூடும். நில அளவுக்கு ஏற்ப அல்லது வீட்டுக்கு ஓர் ஆள் என்று கணக்கு. கரையை அளந்து பங்கு பிரிப்பார்கள். அவரவர் பங்கில் அவரவர் தூர் வாரி, வெட்டிய வண்டலைக் கரைக்கும் வயலுக்கும் சுமப்பார்கள். வயலுக்குப் போன வண்டல் அந்த வருஷத்து உரம். கண்மாய்க்கு ஆழம், கரைக்குப் பலம், வயலுக்குச் சத்து என்று ஒரே வேலையில் மூன்று பலன்.

ஆங்கிலேயர் இந்த வழக்கத்தைச் சட்டமாக்கிப் பார்த்தார்கள். சென்னை மாகாணத்தின் 1858ஆம் ஆண்டு 1ஆம் எண் கட்டாய உழைப்புச் சட்டம், வழக்கப்படியான மராமத்து வேலைக்கு வராதவர் அந்த வேலையின் கூலியைப்போல இரண்டு மடங்கு கட்ட வேண்டும் என்றது. சட்டம் ஏட்டில் இருந்தது, வழக்கம் தேய்ந்துகொண்டே போனது. வரி வாங்கும் உரிமை வேறு எங்கோ போய்விட்ட பிறகு, வேலை செய்யும் கடமையை மட்டும் ஊரின் தலையில் வைத்தால் அது எப்படி நிற்கும்? 1949இல் ராமநாதபுரம் ஜமீன் அரசுடைமை ஆனது. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் பொதுப்பணித் துறைக்கும், சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் போயின. 'நம்ம கண்மாய்' என்பது 'கவர்மெண்டு கண்மாய்' ஆயிற்று. மடை பழுதானால் மனு எழுதினோம், மண்வெட்டியை எடுக்கவில்லை.

பழைய காலத்தைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. அந்தக் கட்டுப்பாடுகளில் அறம் மட்டும் இருக்கவில்லை, சாதியும் இருந்தது. எல்லா ஊருணியின் படியும் எல்லாக் காலுக்கும் திறந்திருக்கவில்லை. நிலமே இல்லாதவர் கரைக்கு மண் சுமந்தார். அந்தக் கரைக்கு உள்ளே நின்ற தண்ணீரை அவர் தானாக மொண்டு குடிக்க விடவில்லை. ஊர் கூடுவது என்றால் இன்று முழு ஊரும் கூட வேண்டும். உழைப்பில் பங்கு கேட்கிற இடத்தில் தண்ணீரிலும் முடிவெடுப்பதிலும் பங்கு தர வேண்டும். இதில் சமரசத்துக்கு இடமில்லை.

2009–10 காலத்தில், திருச்சிக்கு அருகே காவிரியில் எடுத்த தண்ணீர் கூட்டுக் குடிநீர்த் திட்டக் குழாய்களில் ராமநாதபுரத்துக்கு வந்தது. 616 கோடி ரூபாய்த் திட்டம். அதை நான் மனதார வரவேற்கிறேன். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி மைல் கணக்கில் தள்ளிப் போன நம் பெண்களின் தோள் வலியைப் பார்த்தவர் எவரும் அந்தக் குழாயைக் குறை சொல்ல மாட்டார். ஆனால் குழாய் வந்த கையோடு ஊருணியை மறந்தது நாம் செய்த தவறு. சீமைக் கருவேலம் கரையேறியது. வரத்துக்காலில் வீடு முளைத்தது. குப்பை கொட்ட இடம் தேடியவர்களுக்கு ஊருணி கிடைத்தது. எங்கோ ஓரிடத்தில் குழாய் உடைந்து பத்து நாள் தண்ணீர் வராதபோதுதான், மாற்று என்று ஊரில் ஒன்றுமே இல்லை என்பது தெரிகிறது. குடம் ஒன்றுக்குக் காசு கொடுத்து லாரித் தண்ணீர் வாங்கும் கிராமங்கள் இந்தக் கடற்கரையில் இன்றும் உண்டு.

நம்பிக்கைக்கும் காரணம் இருக்கிறது. மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை 1990களிலிருந்தே தென்மாவட்டங்களில் 'வயலகம்' என்ற பெயரில் கண்மாய்ப் பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டி வருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் ஊருணிகளையும் எடுத்துச் செய்திருக்கிறார்கள். அவர்கள் வைத்த நிபந்தனை முக்கியமானது: செலவில் ஒரு பங்கை ஊரார் பணமாகவோ உழைப்பாகவோ போட வேண்டும். தமிழக அரசு 2017 மார்ச்சில் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் அறிவிக்கப்பட்டன. அதிலும் பத்து சதவீதம் பயனாளிகளின் பங்கு என்று வைத்தார்கள். அந்தப் பத்து சதவீதம் உண்மையில் ஊரின் கையிலிருந்து வந்த இடங்களில் வேலை நிலைத்தது. காகிதத்தில் மட்டும் வந்த இடங்களில் அடுத்த மழையோடு கரைந்தது. தன் தோளில் மண் சுமந்தவன் அதே இடத்தில் குப்பை கொட்டமாட்டான். பங்களிப்பின் பொருள் பணத்தில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

கட்டாயம் இல்லாமலே ஊர் ஒரு நீர்நிலையைக் காக்க முடியும் என்பதற்கு முதுகுளத்தூர் அருகே உள்ள சித்திரங்குடி சாட்சி. அந்தக் கண்மாய் 1989 முதல் பறவைகள் சரணாலயம். 2022இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. வலசை வந்து கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பிள்ளைகளின் ஆசையையே ஒரு கண்மாய்க்காக விட்டுக்கொடுக்கும் ஊருக்கு, தூர் வாருவதா பெரிய காரியம்?

இனி தீவுக்குப் போவோம். ராமேசுவரம் மணல்தீவு. சுற்றிலும் கடல். ஆனாலும் கோயிலுக்குள்ளேயே 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. தனுஷ்கோடியில், 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் ஊரையே அழித்த பிறகும் தங்கிவிட்ட மீனவக் குடும்பங்கள், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் மணலைக் கையால் பறித்து ஊற்று எடுக்கிறார்கள். மணல் சரியாதபடி பனைமரத் துண்டையோ பலகையையோ உறையாக இறக்கியிருப்பார்கள். சிரட்டையால் அல்லது கிண்ணத்தால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். அவசரப்பட்டு வாளியால் இறைத்தால் உப்பு ஏறிவிடும்.

ஏன் அப்படி? மழைநீர் கடல்நீரை விட லேசானது. மணலில் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும் என்பது நெதர்லாந்தின் படோன் கெய்பெனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தனித்தனியே சொன்ன கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு நாற்பது அடி வரை ஏறி வரக்கூடும். விடுதி விடுதியாக ஆழ்குழாய் இறக்கும் இன்றைய ராமேசுவரம் இதை நெஞ்சில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். சிரட்டையால் மொள்ளும் மீனவப் பெண்ணுக்கு இந்தக் கணக்கு எப்போதோ தெரியும்.

கோயிலுக்கு வெளியே தீவு முழுவதும் இருந்த தீர்த்தங்களில் பல தூர்ந்தும் புதர் மண்டியும் கிடந்தன. கன்னியாகுமரி விவேகானந்தா கேந்திரத்தின் நார்டெப் அமைப்பு, 'பசுமை ராமேசுவரம்' என்ற முயற்சியில் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, தூர் வாரி, படி கட்டி மீட்டெடுத்தது. இதைப் பக்தி வேலை என்று மட்டும் பார்க்காதீர்கள். ஒவ்வொரு தீர்த்தமும் மழையை மணலுக்குள் இறக்கும் வாசல். ஒரு தீர்த்தம் மீண்டால் சுற்றியுள்ள கிணறுகளுக்கும் உயிர் வருகிறது.

ஊர் வேலையைச் சொன்னேன். வீட்டு வேலை என்ன? 2003இல் தமிழக அரசு மழைநீர் சேகரிப்பை எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கியது. அன்று அவசரமாகப் பொருத்திய குழாய்கள் பல வீடுகளில் ஒடிந்து தொங்குகின்றன. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில், நம் மாவட்டத்து 827 மி.மீ. மழையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 76,000 லிட்டர் விழுகிறது. ஆவியாவது, சிதறுவது எல்லாம் போக 60,000 லிட்டர் கைக்கு வரும். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் ஆண்டுக்கு 9,125 லிட்டர் போதும். எட்டடி நீளம், ஏழடி அகலம், ஆறரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும். ஆண்டு முழுவதும் வாய்க்கும் உலைக்கும் வேண்டிய தண்ணீர் நம் தலைக்கு மேலேயே வந்து விழுகிறது.

செய்முறையும் எளிது. புரட்டாசியில் மாடியைக் கூட்டிக் கழுவுங்கள். மாடியிலிருந்து இறங்கும் பைப்பில் ஒரு பிரிவு வைத்து, முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிடுங்கள். எச்சமும் தூசியும் அதோடு போய்விடும். அடுத்து வருவதை ஒரு வடிகட்டி வழியே இறக்குங்கள். அடியில் பெரிய ஜல்லி, அதன் மேல் சின்ன ஜல்லி, பிறகு கழுவிய ஆற்று மணல், நடுவில் ஓர் அடுக்கு மரக்கரி. கரிமூட்டம் போடும் நம் மாவட்டத்தில் கரிக்கா பஞ்சம்? தொட்டியில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், திறந்திருந்தால் கொசு முட்டையிடும். இறுக மூடுங்கள். தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்கோ மணலுக்கோ திருப்புங்கள். கொத்தனாரின் இரண்டு மூன்று நாள் வேலை. வீட்டாரும் கூட நின்றால் செலவு பாதி.

ஊருணி வேலையில் இறங்குபவர்களுக்கு நான்கு செய்திகள். ஒன்று, முதலில் வரத்துக்காலைப் பாருங்கள். தண்ணீர் வர வழியில்லாத ஊருணியை எவ்வளவு தோண்டினாலும் பள்ளம்தான் மிஞ்சும். இரண்டு, ஆசைக்கு ஆழம் தோண்டாதீர்கள். பொக்லைன் வந்ததும் 'இன்னும் கொஞ்சம்' என்று களிமண் படுகையை உடைத்துவிட்டால் தேங்கிய நீர் இறங்கிவிடும். சில இடங்களில் உப்பும் ஊறிவிடும். சேர்ந்த வண்டலை மட்டும் எடுங்கள். மூன்று, அந்த வண்டலை வீணாக்காதீர்கள். வட்டாட்சியரின் அனுமதி பெற்று விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் அதை இலவசமாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. நான்கு, சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்குங்கள். வெட்டி விட்டால் இரண்டு மழையில் பழையபடி நிற்கும்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாளிலும் மே 1 அன்றும் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். போய் உட்காருங்கள். பெண்களையும் இளைஞர்களையும், ஊரின் எல்லாத் தெருவினரையும் அழைத்துப் போங்கள். 'எங்கள் ஊருணியை இந்த ஆண்டு ஊரே சேர்ந்து தூர் வாரும். வீட்டுக்கு ஒருவர் ஒரு நாள் உழைப்பார்' என்று ஒரு தீர்மானம் போடுங்கள். கோடையில் வேலையை முடித்து, அக்டோபர் 2 கிராம சபையில் செலவுக் கணக்கை வாசியுங்கள். பதினைந்து நாள் கழித்து மழை தொடங்கிவிடும். தமிழ்நாட்டில் எந்த மாவட்டத்தையும் விட ராமநாதபுரத்துக்கு இந்த ஒரு நாள் உழைப்பு தேவை.

அடுத்த வாரம்: பாசி எடுக்கக் கடலில் இறங்கும் சின்னப்பாலம் பெண்கள்.

(தொடரும்)